பூனை வழியாகப் பேசிய வீடு

புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்பது கேட்டவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே கேட்டதால், இனிமேல் வருவதற்கெல்லாம் அவர்கள்தான் பொறுப்பு.

காய்ச்சல் பார்ப்பது, உடம்பு துடைப்பது, புண் கட்டுவது எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் அந்தப் பக்கமே போகப் போவதில்லை. பதுளையில் ஒரு ஆஸ்பத்திரி வார்டில் வேலை பழகி, பிறகு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் சேர்ந்து, நோயாளியின் வீட்டிலேயே தங்கிப் பார்க்கிற வேலையில் தலை நரைத்தவன் நான். வார்டில் நீங்கள் ராஜா. கட்டில் உங்களுடையது, கதவு உங்களுடையது, பார்க்க வருகிறவர்களை மணி அடித்து விரட்டலாம். வீட்டுக்குள் போய்விட்டால் உங்களுக்கென்று இருப்பது கையிலிருக்கிற பை ஒன்றுதான். அதையும் அந்த வீட்டுப் பிள்ளைகள் முதல் நாளே திறந்து பார்த்துவிடும்.

வீட்டில் நோயாளி ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பதுளைக் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடைக்காரர் கால் முறிந்து படுத்திருந்தார். கடைக்கு மேலேயே வீடு. மூன்று மகன்கள். காலையில் பெரியவர் என்னைப் பிடித்து, “வாப்பாவுக்கு எப்படி?” என்றார். “பரவாயில்லை” என்றேன். நடுவிலிருந்தவர் கொஞ்சம் பயந்த சுபாவம். அவர் கேட்டபோது, “கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்” என்றேன். சின்னவருக்கு, “டாக்டர் வந்து பார்த்தால்தான் தெரியும்” என்றேன். மூன்றும் உண்மைதான். பொழுது சாய்வதற்குள் மூன்று பேரும் கடை வாசலில் நின்று ஒருவரையொருவர் பொய்யன் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாடி ஜன்னலிலிருந்து நோயாளியே கத்தினார்: “அடேய், நான் உசிரோடதான்டா இருக்கேன்! என்கிட்ட கேளுங்கடா!” அன்றோடு தனித்தனியாகப் பதில் சொல்வதை நான் விட்டிருக்க வேண்டும். ஆனால் சில விஷயங்கள் ஒரு தடவையில் மண்டையில் ஏறுவதில்லை. எனக்கு அது ஏறிய கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டம். பெயர் வேண்டாம், அந்தக் குடும்பம் இன்னும் அங்கே நன்றாக இருக்கிறது, என் காதைத் திருகிவிடுவார்கள். அங்கே ஒரு பெரிய கங்காணி, ஊரிலிருந்து ஆட்களைச் சேர்த்துக் கொண்டுவந்து வேலை வாங்குகிறவர். வேலையாட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயங்களுக்குக் கொஞ்சம் மேலே தனியாகத் தகரக் கூரை போட்ட வீடு. முன்னால் ஓர் அறை, நடுவில் அடுப்படி, அதற்குப் பின்னால் ஓர் உள்ளறை. இடையில் எல்லாம் பலகைச் சுவர். ஓர் அறையில் தும்மினால் மற்ற இரண்டு அறையிலும் முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள்.

கங்காணி அப்போது வீட்டில் இல்லை. ஆள் சேர்க்கக் கடல் தாண்டித் திருச்சிப் பக்கம் போயிருந்தார். மகள் வள்ளி தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்து பெண் குழந்தை பெற்றிருந்தாள். குழந்தையைப் பார்க்க மாப்பிள்ளை லுணுகலைப் பக்கத்திலிருந்து வண்டியும் நடையுமாக வந்து சேர்ந்தார். அங்கே ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. வந்தவர் குழந்தை முகத்தை ஒரு தடவைதான் பார்த்தார். மறுநாளே காய்ச்சலில் படுத்துவிட்டார்.

தோட்டத்தில் நோய் பார்த்து மருந்து கொடுக்கிற எங்கள் டிஸ்பென்சரை எல்லாரும் டாக்டரய்யா என்பார்கள். பெரிய மீசை. சிரிக்கத் தெரியாதவர் என்று தோட்டம் முழுக்கப் பேர். உண்மையில் சிரிப்பார், வயிறு மட்டும் குலுங்கும். அவர் வந்து பார்த்து, குடல் காய்ச்சல் என்றார். இந்த மழையிலும் பனியிலும் தூக்கிக்கொண்டு மலை இறங்கினால் வழியிலேயே முடிந்துவிடும், வீட்டிலேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, என்னை அங்கே தங்கச் சொன்னார். மாப்பிள்ளை முன் அறையில். குழந்தைக்குத் தொற்றிவிடக் கூடாது என்று வள்ளியும் பிள்ளையும் உள்ளறையில், அந்தப் பக்கமே வரக் கூடாது என்று கட்டளை. நடுவில் அடுப்படியில் மாமியார் அழகம்மாள்.

எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. மாமியார் என்கிற பதவியின் கனம் எனக்குத் தெரியாது. அந்தக் குடும்பத்து வழக்கப்படி மாப்பிள்ளைக்கு எதிரில் மாமியார் வந்து நிற்கக் கூடாது, நேருக்கு நேர் பேசவே கூடாது. மாப்பிள்ளைக்கும் அப்படித்தான், அத்தையைப் பார்த்து வாய் திறப்பது மரியாதைக் குறைவு. கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. நடுவில் கங்காணி இருப்பார், இல்லையென்றால் வள்ளி இருப்பாள். இப்போது அவர் கடலுக்கு அந்தப் பக்கம், அவள் பலகைக்கு அந்தப் பக்கம். மிச்சம் இருந்தது ஒரு சாம்பல் நிறப் பூனை.

நான் போன அன்று கதவுக்குப் பின்னால் அழகம்மாளின் குரல் கேட்டது.

“ஏ பூன, வெந்நி வேணுமான்னு அவுகளக் கேளு.”

கட்டிலில் கிடந்தவர் கூரையைப் பார்த்துக்கொண்டே முனகினார். “கொஞ்சம் போதும்னு சொல்லு பூன.”

பூனை இரண்டு பேரையும் பார்த்துவிட்டுக் காலை நக்கிக்கொண்டது. நான் வந்து சேர்ந்ததும் அந்த உத்தியோகம் எனக்கு மாறியது. “தம்பி, அவுகளுக்குக் குளுருதான்னு கேளுங்க.” “தம்பி, குளிரலன்னு அத்தைகிட்ட சொல்லுங்க.” மூன்று முழத் தூரத்துக்குச் சேதி கொண்டுபோகிற தபால்காரனாக இருந்தேன். பூனைக்கு மீன் தலை கிடைத்ததில் மட்டும் மாற்றமில்லை.

காய்ச்சல் உச்சத்தில் இருந்த நாட்களில் அந்த அம்மாவைப்போல ஒரு துணை எனக்கு அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, பிறகும் கிடைத்ததில்லை. தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்னால் கொதித்த பிறகும் கொதிக்க வைப்பார். துணிகளை வெந்நீரில் அலசச் சொன்னால் கை சிவக்க அலசுவார். கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து மாப்பிள்ளையின் மூச்சு எப்படி வருகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நான் நாடி பிடித்துச் சொல்வதற்கு முன்னால் அவர் காதால் கேட்டே, “இன்னிக்குக் கொஞ்சம் தேவல, இல்ல தம்பி?” என்பார். சரியாகவும் இருக்கும்.

ஒரு வழியாகக் காய்ச்சல் இறங்க ஆரம்பித்தது. வீட்டில் எல்லாருக்கும் முகம் தெளிந்தது. டாக்டரய்யாவுக்கு மட்டும் தெளியவில்லை. என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“இனிமேதான்டா பயப்படணும். உள்ள குடல் பூரா புண்ணு. நனைஞ்ச கடுதாசி மாதிரி இருக்கும். கெட்டியா எதுவும் உள்ள போனா கிழிஞ்சிரும். கிழிஞ்சா எங்கிட்ட மருந்து இல்ல, யாருகிட்டயும் இல்ல. நான் சொல்ற வரைக்கும் கஞ்சித் தண்ணி, தண்ணி கலந்த பாலு. அம்புட்டுத்தான்.”

நான் அடுப்படிக்குப் போய், வள்ளி காதில் விழாமல் அழகம்மாளிடம் மெதுவாகச் சொன்னேன். “சரிங்க தம்பி” என்றார். முன் அறைக்குப் போய் மாப்பிள்ளையிடமும் அப்படியே மெதுவாகச் சொன்னேன். “சரி” என்றார். இரண்டு சரி கிடைத்துவிட்டது. இந்த உலகத்தில் என்னைவிடக் கெட்டிக்காரன் இல்லை என்று நினைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டேன்.

மத்தியான வேளையில் நான் டிஸ்பென்சரிக்குப் போய் நிலைமையைச் சொல்லி மருந்து வாங்கி வருவது வழக்கம். மேட்டுப் பாதை, போய்வர நேரமாகும். நாலைந்து நாள் போனது. மத்தியானம் வரை நன்றாக இருக்கிற மனிதருக்குச் சாயங்காலம் உடம்பு சுடும். வயிறு உப்பும். “என்ன சாப்பிட்டீங்க?” என்றால் “கஞ்சித் தண்ணி” என்பார். அந்த அம்மாவிடம், “என்ன குடுத்தீங்க?” என்றால் “கஞ்சித் தண்ணி” என்பார். இரண்டு பேரும் வேறு வேறு அறையிலிருந்து ஒரே மாதிரி சொல்கிறார்களே, எவ்வளவு ஒற்றுமை என்று நான் சந்தோஷப்பட்டேன்.

இன்னொரு விஷயமும் என் கண்ணில் பட்டது, புத்தியில் படவில்லை. எப்போதும் அடுப்போரம் படுக்கிற பூனை, கட்டிலுக்கு அடியில் குடியேறியிருந்தது. நன்றாகப் பெருத்தும் இருந்தது.

ஒரு மத்தியானம் பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஓடை பெருகிவிட்டதால் திரும்பிவிட்டேன். வாசலுக்கு வரும்போதே கோழிக் குழம்பு வாசனை. அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு, கட்டிலோரத்து முக்காலிமேல் தட்டை நகர்த்தியது. குழையக் குழைய வடித்த சோறு, நெய், பெரிய கோழித் துண்டு. மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நெற்றியெல்லாம் வேர்த்து, கண்ணில் நீர் முட்ட, மென்றுகொண்டிருந்தார்.

“ஏ பூன, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமான்னு கேளு.”

அவர் கண்ணை மூடித் திறந்தார். “போதும்... சரி, கொஞ்சமா வைக்கச் சொல்லு பூன.”

சொல்லிக்கொண்டே ஒரு துண்டைக் கட்டிலுக்கு அடியில் நழுவவிட்டார். நான் பாய்ந்து தட்டைப் பிடுங்கினேன். கதவுக்குப் பின்னால் கை சட்டென்று மறைந்தது. பூனைகூட வெளியே ஓடிவிட்டது.

முதலில் அவரிடம்தான் கேட்டேன். “உங்களுக்கு என்ன பைத்தியமா? அவ்வளவு பசியா?”

“பசியே இல்ல தம்பி,” என்றார் மெதுவாக. “தொண்டைக்குள்ள எறங்க மாட்டேங்குது. அத்தை தன் கையால ஆக்கி வச்சத எப்படி வேணாங்குறது? மொத மொத அவங்க வீட்ல வந்து கெடக்குறேன். தட்டத் தள்ளுனா மனசு நோகாதா?”

அடுப்படிக்குப் போனேன். அழகம்மாள் சுவரைப் பார்த்து நின்றார்.

“ஏம்மா? நான் சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க தம்பி. மொத நாளு கஞ்சித் தண்ணியத்தான் வச்சேன். அவுக அதப் பாத்து மொகத்தச் சுளிச்சாக, கதவிடுக்குல பாத்தேன். மாமியா வீட்ல கஞ்சித் தண்ணி ஊத்திப் போட்டாங்கன்னு அவுக ஆத்தாளுக்குத் தெரிஞ்சா? எம் மகதானே நாளைக்கு அங்க போயி வாழணும்? எந்த மொகத்தோட அந்த வாசப்படிய மிதிப்பா?”

எனக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. சோறு வேண்டாம் என்று இருக்கிறவருக்கு ஒருவர் வைக்கிறார். வைக்க வேண்டியிருக்கிறதே என்று நடுங்கிக்கொண்டு வைக்கிறார். வாங்குகிறவரோ, மறுக்கக் கூடாதே என்று உயிரைப் பணயம் வைத்துத் தின்கிறார். இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு அவ்வளவு மரியாதை. அந்த மரியாதை அவரைக் கொன்றுகொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். நாடி ஓடியது. மழையில் நனைந்துகொண்டு நானும் ஓடினேன். ஓடையை எப்படித் தாண்டினேன் என்று இன்றுவரை தெரியாது. டாக்டரய்யா வந்து வயிற்றில் கை வைத்து வெகுநேரம் பார்த்தார். “இன்னும் கிழியல. ஆனா கிழியலாம். வாயில ஒண்ணும் போடாத. ஈரத் துணியால உதட்ட நனைச்சா போதும். அசையாமப் படுக்கட்டும். நாளைக்குத்தான் தெரியும்” என்றார். பிறகு என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“ரெண்டு பேருகிட்டயும் சொன்னியா?”

“சொன்னேங்க.”

“என்ன சொன்னாங்க?”

“சரின்னு சொன்னாங்க.”

“சரின்னா, ஒன்னோட மல்லுக்கு நிக்க மாட்டோம்னு சொல்றாங்க. அவ்வளவுதான். முடியுமான்னு கேட்டியா?”

நான் நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டு நின்றேன்.

“அத்தோட, ஒருத்தருக்குச் சொன்னது இன்னொருத்தருக்குத் தெரியுமா? ரெண்டு பேரும் கேக்குற மாதிரி ஒரு தடவ சொன்னியா?”

“அவங்க ரெண்டு பேரும் ஒரு இடத்துல நிக்க மாட்டாங்களேங்க.”

“அது ஒன் பாடு” என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் மொத்தமும் அவ்வளவுதான். உங்களில் யாருக்காவது இதைவிட நீளமாகச் சொல்லித்தருகிற குரு கிடைத்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

ஒருவேளை நாளைக்கு இந்த மனிதர் இருக்க மாட்டார். பிழைத்தால், மறுபடியும் நான் மத்தியானம் வெளியே போக வேண்டும், மறுபடியும் அந்தக் கை கதவுக்குப் பின்னாலிருந்து நீளும். என்ன செய்வது என்று தெரியாமல் நின்றபோது உள்ளறைக் கதவருகிலிருந்து வள்ளி கூப்பிட்டாள்.

“அண்ணே, என்ன நடக்குது? கேட்டா எல்லாரும் ஒண்ணுமில்லங்குறாங்க. ஒண்ணுமில்லாததுக்கு டாக்டரய்யா ஏன் மழையில ஓடி வர்றாரு?”

அவளிடம் எதையும் சொல்லக் கூடாது என்பது அழகம்மாளின் உத்தரவு. பச்சைப் பிள்ளைக்காரி, பயந்தால் பால் வற்றிவிடும். நானும் அதுவரை அந்த உத்தரவைக் காப்பாற்றிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த வீட்டில் அந்த அம்மாவோடும் பேசலாம், அந்த மனிதரோடும் பேசலாம் என்று இருந்தது அவள் ஒருத்திதான். அவள் வாயை நாங்கள் எல்லாரும் சேர்ந்து கட்டி வைத்திருந்தோம். பயந்தால் பால் வற்றலாம். சொல்லாவிட்டால் புருஷனே போய்விடலாம். கதவருகில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கோழிக் குழம்பு வரைக்கும் சொன்னேன்.

உள்ளே குழந்தை சிணுங்கியது. பிறகு அவள் பலகையில் கையால் தட்டினாள். மெல்லிய குரல்காரி என்று நினைத்திருந்தேன். லயம் வரைக்கும் கேட்டது.

“அம்மா! அடுப்படியிலதானே இருக்க? கேட்டுக்க. ஏங்க! நீங்களும் கேளுங்க. வேணாம்னு சொல்ல அவருக்கு வெக்கம். போடாம இருக்க ஒனக்கு வெக்கம். ஒங்க ரெண்டு பேரு வெக்கத்துக்கும் நடுவுல எங் கழுத்துத் தாலி கெடந்து ஆடுது!”

தாய் காது கேட்கப் புருஷனைக் கூப்பிட்டுப் பேசுவது அந்த நாளில் லேசான காரியமில்லை. முன் அறையிலிருந்து மெலிந்த குரல் வந்தது.

“ஏ பூன...” பூனை அங்கே இல்லை. அதற்காக அவர் நிறுத்தவில்லை. “அத்தைகிட்ட சொல்லு. எங்க ஆத்தாகிட்ட நானே சொல்லிக்கிறேன். அத்தை கஞ்சித் தண்ணி ஊத்துனதாலதான் பொழச்சேன்னு நானே சொல்றேன். பொழச்சா.”

அழகம்மாள் குழம்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, என் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். தின்ன மனசு வரவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். கவலையோடுதான் தின்றேன், ஆனால் தின்றேன்.

மறுநாள் காலையில் வயிற்று உப்பல் வடிந்திருந்தது. வலி குறைந்திருந்தது. கரண்டி கரண்டியாகக் கஞ்சித் தண்ணீர் கொடுத்தோம். நான் கதவு நிலையில், இரண்டு அறைக்கும் நடுவில் உட்கார்ந்து, பலகைக்கு அப்பால் வள்ளிக்கும் கேட்கிற மாதிரி அன்றன்றைய சேதியை ஒரே தடவையாகச் சொல்ல ஆரம்பித்தேன். இன்றைக்குக் காய்ச்சல் இவ்வளவு, இன்றைக்கு இதுதான் ஆகாரம். மூன்று பேரும் அவரவர் இடத்திலிருந்து கேட்பார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. வழக்கத்தை உடைக்காமலே காரியம் நடந்தது. வள்ளிக்குப் பாலும் வற்றவில்லை.

அதற்குப் பிறகுதான் நிஜமான பசி வந்தது. குடல் காய்ச்சல் விட்ட பிறகு வருகிற பசியை நீங்கள் இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள். நல்ல மனிதர்களைக்கூட அது திருடனாக்கும். அவ்வளவு சாதுவான கணக்கப்பிள்ளை என்னைத் திட்டினார், டாக்டரய்யாவின் மீசையைத் திட்டினார், கஞ்சி வடித்த பானையைத் திட்டினார். முன்னால் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் தின்றவர், இப்போது கேட்டுத் தின்னத் துடித்தார். ஆபத்து மட்டும் அப்படியே இருந்தது.

டிஸ்பென்சரிக்கு நான் போக வேண்டிய நாள் வந்தது. கதவு நிலையில் நின்று கேட்டேன். “அம்மா, நான் வர்ற வரைக்கும் அவர் கேட்டாலும் சோறு குடுக்கக் கூடாது. முடியுமா?”

அழகம்மாள் உடனே சரி என்று சொல்லவில்லை. யோசித்தார். “முடியாது தம்பி” என்றார். “அவுக வாய் விட்டுக் கேட்டா எனக்குத் தாங்காது.”

அந்த ‘முடியாது’வைக் கேட்டு எனக்கு உண்டான நிம்மதியை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் மெய்யான பதில் அதுதான். “அப்ப என்னம்மா செய்யலாம்?” என்று கேட்டேன். வழியையும் அவரே சொன்னார். அடுப்படியில் சோறே வடிக்க வேண்டாம். தானும் கஞ்சியே குடித்துக்கொள்வதாகவும், வள்ளிக்கு மட்டும் லயத்திலிருந்து ஒருத்தி ஆக்கிக் கொண்டுவரட்டும் என்றும் சொன்னார். இந்த யோசனை எனக்குத் தோன்றியிருக்காது. நம் உத்தரவை அவர்கள் தலையில் ஏற்றிவிட்டு வருவதல்ல நம் வேலை. அது அவர்களுக்கு எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். கேட்டால், எப்படிச் சுமப்பது என்று அவர்களே சொல்லுவார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், மருந்துப் பையில் இருப்பதைவிட இது அதிகம் வேலை செய்யும்.

அன்று நான் திரும்பி வந்து வாசலில் காலைக் கழுவிக்கொண்டிருந்தேன். லயத்திலிருந்து வந்த பெண் வள்ளிக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அடுப்படி வழியாகப் போனாள். மூடியிருந்தும் சுடுசோற்று வாசனை முன் அறை வரைக்கும் போய்விட்டது. கட்டில் கிறீச்சிட்டது. மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டார். பூனையைத் தேடவில்லை, என்னையும் கூப்பிடவில்லை.

“அத்தை!” என்றார். நேராக, கதவைப் பார்த்து. “அத்தை, ஒரே ஒரு புடி. ஒங்களக் கும்புடுறேன் அத்தை.”

உள்ளே ஓடலாமா என்று நினைத்தேன். அதற்குள் கதவு திறந்தது. அழகம்மாள் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு நிலையைத் தாண்டி வந்து, கட்டிலுக்கு எதிரில் நின்றார். மாப்பிள்ளையின் முகத்தை நேராகப் பார்த்தார்.

“கெடையாது மாப்ளே” என்றார். “டாக்டரய்யா சொல்ற அன்னிக்கு நானே ஆக்கிப் போடுறேன். இன்னிக்குக் கெடையாது.”

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய், முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது.

மாப்பிள்ளை திறந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. பசியால் அழுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். “அத்தை எங்கிட்ட பேசிட்டாங்க தம்பி” என்றார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரிச் சொன்ன பேச்சுக் கேட்டுப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு டாக்டரய்யா சொல்கிற வரைக்கும் அவர் சோறு கேட்கவே இல்லை.

உள்ளறைப் பலகையில் மெதுவாகத் தட்டும் சத்தம் கேட்டது. போனேன்.

“அண்ணே, இப்பப் பேசினது அம்மாவா? அவர்கிட்டயா?”

“ஆமா தங்கச்சி.”

“சோறு கெடையாதுன்னா சொன்னாங்க?”

“ஆமா.”

அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டது பலகைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

“அப்ப அவரு பொழச்சுக்குவாரு அண்ணே” என்றாள்.

பிழைத்துக்கொண்டார்.